மிச்சக் கல்

மாரிசாமி பதித்த தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் அது வைத்த இடத்திலேயே நிற்கும். இது அவனாகச் சொல்லிக்கொண்ட பெருமை அல்ல. கொழும்பில் அவனோடு கட்டட வேலை பார்த்தவர்கள் சொன்னது. டைல் பதிக்கிற தொழில்காரனுக்கு அங்கே டைல் பாஸ் என்று பெயர்; டைல் பாஸ் என்றால் மாரிசாமிதான் என்பார்கள். ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியாது. குள்ளம், ஒல்லி, தரையில் ஊன்றி ஊன்றி முழங்கால் இரண்டும் காய்ப்பு ஏறிக் கறுத்துப் போயிருக்கும். கோயிலில் அவன் விழுந்து கும்பிட்டு யாரும் பார்த்ததில்லை. "கும்புட வேண்டியதையெல்லாம் வேலத்தளத்துலயே கும்புட்டு முடிச்சிட்டு வந்துர்றாரு" என்று அவன் மனைவி விஜயலெட்சுமி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

பிறந்தது பூனாகலைப் பக்கம், மொட்டகலைத் தோட்டத்தில். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட, அவனைத் தூக்கி வளர்த்தவள் அக்கா பெரியாயி. தோட்டத்துத் தேயிலை ஆலையில் அவளுக்கு வேலை. ஊரார் அந்த ஆலையை ஸ்டோர் என்பார்கள். பெரியாயியின் இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. கொழுந்து அரைக்கும் இயந்திரம் இழுத்துக்கொண்டது. அந்த வருஷம் புதிதாக வந்த தோட்டத் துரை செலவென்று சொல்லி ஆலையின் காவல்சாமி முனிக்குப் பூசை வைக்கவில்லை. பெரியாயியிடம் கேட்டால் இயந்திரத்தைக் குறை சொல்லவே மாட்டாள்.

"மெசினு எடுக்கல. முனி கேட்டுச்சு, குடுத்தேன்" என்பாள், ஏதோ பக்கத்து வீட்டுக்குக் கைமாற்றாகச் சீனி கொடுத்ததைப் போல.

அந்த முனி ரோதை முனி. ஸ்டோரின் கீழ்த்தளத்தில் ஆளுயரத்துக்கு ஓர் இரும்புச் சக்கரம் உண்டு. அதுதான் ரோதை. ஒரு காலத்தில் ஆற்றுத் தண்ணீரில் சுற்றியது, பிறகு இஞ்சினில் சுற்றியது. அதன் காலடியில், தரையைப் பிளந்துகொண்டு, சாணுக்குச் சற்று மேலாக ஒரு கருங்கல் நின்றது. வெள்ளைக்காரத் துரை கட்டடம் எழுப்பியபோது அந்தக் கல்லைப் பெயர்க்கப் பார்த்துத் தோற்றுப்போய்ச் சுற்றிக் கட்டினான் என்பது ஊர்ப் பேச்சு. மஞ்சளும் எண்ணெயும் இயந்திரத்துக் கரியும் அப்பி அப்பி அது கல் மாதிரியே இருக்காது. அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றாமல் ஒருவரும் இயந்திரத்தின் விசையைப் போட்டதில்லை. வருஷத்துக்கு ஒரு முறை சாராயம், சுருட்டு, ஒரு கிடாய். கிடாயின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். உதறினால் முனியின் உத்தரவு. உதறாமல் வெட்டக் கூடாது. உதறாத வருஷம் என்று ஒன்று இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

மீசை ஒழுங்காக முளைக்காத வயதில் மாரிசாமி பதுளை ரயிலேறிக் கொழும்புக்குப் போனான். கொம்பனித்தெருவில் ஒரு சந்துக்குள் மாடியறை. காலையில் அந்தச் சந்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எந்த வாசலில் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம். முதல் வீட்டில் மலாய்க்கார அம்மா இறால் கருவாடு வறுப்பாள். அடுத்ததில் தையல் மெசின். அதற்கடுத்த வீட்டில் ஒரு கிளி, சிங்களத்தில் ஒரு ஏச்சு, தமிழில் ஒரு ஏச்சு என்று பாரபட்சமில்லாமல் ஏசும். மூலையில் அஸீஸ் நானாவின் சாப்பாட்டுக் கடை. வேலை இல்லாத நாளிலும் மாரிசாமிக்கு அங்கே ரொட்டியும் பருப்பும் உண்டு.

அந்தச் சந்தை ஒரு நாள் இடித்தார்கள். இருந்தவர்களை வேறெங்கோ அடுக்குமாடியில் ஏற்றிவிட்டார்கள். கிளி என்னவாயிற்றென்று தெரியவில்லை. சந்து இருந்த இடத்தில் வானத்தை முட்டி ஒரு கட்டடம் எழுந்தது. அதன் முன்மண்டபத்துக்கு டைல் பதித்தவன் மாரிசாமி. அஸீஸ் நானாவின் அடுப்பு இருந்த இடம் எது என்று வேலை தொடங்கியபோது அவனுக்குத் தெரிந்தது. அங்கே மண்டியிட்டபோது மனசு என்னவோ செய்தது. வேலை முடிந்து எழுந்து நின்று பார்த்தபோது, இந்த ஓரமா, அந்த ஓரமா என்று சொல்ல முடியவில்லை. நல்ல வேலை என்று கொந்தராத்துக்காரர் தோளில் தட்டினார். அவனும் மகிழ்ந்துதான் போனான். ஓர் ஊரைத் துடைத்தெறியக் குண்டு போட வேண்டியதில்லை. மட்டம் பார்த்து, நூல் பிடித்து, மேஸ்திரியிடம் நல்ல பெயரும் வாங்கிக்கொண்டு துடைத்துவிடலாம்.

பிறகு கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, அதற்கப்பால் என்று போகாத இடமில்லை. எங்கே போனாலும் அதே சாம்பல் நிற டைல், அதே கண்ணாடிக் கதவு, அதே தொட்டியில் அதே அகலமான இலை. ஒரு தடவை வேலையிடத்தில் விஜயலெட்சுமியின் போன் வந்தது.

"எங்க இருக்கீங்க?"

மாரிசாமி சுற்றிலும் பார்த்தான். சாம்பல் தரை. கண்ணாடி. மேசைக்குப் பின்னால் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண். எந்தக் கட்டடம், எந்தத் தெரு என்று சட்டென்று அவனுக்கு வரவில்லை. வெளியே ஓடி வந்து ஒரு பஸ்ஸின் பலகையைப் படித்துத்தான் சொன்னான். தேத்தண்ணி நேரத்தில் இதைச் சொல்லப்போய், கூட இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் மறுநாள் முதல் கட்டடத்துக்குள் நுழையும் முன் தெருப் பெயரைப் படித்துக்கொண்டான்.

அப்புறம் வேலை மலையேறியது. சுற்றுலாக்காரர்கள் குவியும் எல்லவில் அப்பமும் கட்டைச் சம்பலும் விற்ற கடைகள் எல்லாம் கண்ணாடி முகப்புக்கு மாறின. கம்பியில் மஞ்சள் பல்புகளைத் தொங்கவிட்டு, கொழும்பில் குடிக்கும் அதே கோப்பியைக் கொழும்பு விலைக்கு விற்றார்கள். மாரிசாமிக்கு ஒழிவில்லாத வேலை. வீட்டுக்குப் பக்கத்திலேயே சம்பாத்தியம் என்று விஜயலெட்சுமிக்குச் சந்தோஷம். அவனுக்கும்தான். ஆனால் ரயிலில் வரும்போதெல்லாம் தன் பின்னால் எதுவோ ஏறி வருகிறது என்று தோன்றும். திரும்பிப் பார்த்தால் அவனுடைய சுத்தியல் பைதான் இருக்கும்.

மொட்டகலை ஸ்டோர் மூடிக் கிடந்து சில காலம் ஆகியிருந்தது. அதை யாரோ ஹோட்டலாக்க எடுத்திருக்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. சுவரைச் சுற்றித் தகரம் அடைத்தார்கள், படலையில் காவற்காரர்களை நிறுத்தினார்கள். டைல் கொந்தராத்து மாரிசாமிக்கு வந்தது.

அவன் முதல் நாள் உள்ளே போவதற்கு முன் பெரியாயி மேலே தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்திலிருந்து இறங்கி வந்து வழிமறித்தாள்.

"எங்கள யாரையும் உள்ள விட மாட்டேங்கிறான் தம்பி. போயி வர்ற ஆளு நீ ஒருத்தன்தான். முனிய கூட்டிட்டு வந்துரு. மேல, மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்துல எடம் துப்புரவு பண்ணி வச்சிருக்கோம்."

"சரிக்கா."

"சும்மா தூக்கிட்டு வந்துறாத. எலுமிச்சங்கா அறுத்து வச்சு, சுருட்டு பத்த வச்சு, 'வா சாமி'ன்னு மூனு தரம் கூப்புடு. வர்றதுக்குச் சம்மதம்னா கல்லு லேசாகிரும்."

வேலையைக் கவனித்தவர் ஸனூஸ், பதுளைக்காரர், நல்ல மனிதர். கட்டையை வைத்து ஒவ்வொரு டைலையும் தட்டிப் பார்ப்பார். அடியில் சாந்து நிரம்பியிருந்தால் ஒரு சத்தம், வெறுமையாக இருந்தால் வேறு சத்தம். வெறுமைச் சத்தம் கேட்டால் பெயர்த்துத் திரும்பப் பதிக்க வேண்டியதுதான். அவர் கல்லைப் பார்த்துத் தயங்கித்தான் நின்றார்.

"பாஸ், இது வரவேற்பு ஹோலுக்குள்ளயே வருது. ஒங்கட ஆக்கள் ஏதும் செய்யணும்னா முன்னுக்கே செஞ்சிக்கோங்க. மொதலாளி வரக்கொள்ள தரை முடிஞ்சிருக்கணும்."

ஆட்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து மாரிசாமி எலுமிச்சங்காயை அறுத்து வைத்தான். சுருட்டைப் பற்ற வைத்தான். மூன்று தரம் கூப்பிட்டான். வெட்கமாகக்கூட இருந்தது. அலவாங்கைக் கல்லுக்கடியில் கொடுத்து நெம்பினான். கல் லேசாகவில்லை. சுற்றிக் கொத்தினான். கீழே போகப் போகக் கல் அகன்றது. இன்னும் கொத்தினான். இன்னும் அகன்றது. அது தனிக் கல் இல்லை, மலையின் நுனி என்று அவனுக்கு விளங்கியபோது கொத்திய பள்ளத்திலிருந்து குளிர் காற்று முகத்தில் அடித்தது. கூடவே எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம். மாரிசாமி அலவாங்கைப் போட்டுவிட்டு எழுந்து சுவரோடு சாய்ந்துகொண்டான். 

அக்காவிடம் போய், முனி வர மாட்டேன் என்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஊரோடு கூடி ஹோட்டல்காரரிடம் பேசியிருக்கலாம். கல்லைச் சுற்றி ஒரு சின்ன மேடை கட்டிக்கொள்ளுங்கள் என்று கேட்டிருந்தால் அந்த முதலாளி அதையும் வெள்ளைக்காரர்கள் படமெடுக்க நல்லது என்று வைத்தாலும் வைத்திருப்பார். ஆனால் மாரிசாமிக்குத் தெரிந்ததெல்லாம் தரையைத் தரையாக ஆக்குவது. மேடாக நிற்பதை விட்டுவைத்து அவன் பழகவில்லை. டைல் வெட்டும் கிரைண்டரை எடுத்தான்.

கல் கத்தியது. அப்படித்தான் அவனுக்குக் கேட்டது. சாணளவுக் கல் தனியாக வந்தது. அறுத்த முகம் இளஞ்சாம்பல் நிறத்தில், ஈரமாக இருந்தது. கீழே இருந்த மிச்சத்தின் மேல் சாந்தைப் போட்டு, ஸனூஸின் கட்டைக்கு அகப்படாதபடி சந்து பொந்தெல்லாம் அடைத்து, டைலை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டினான். நிறைந்த சத்தம் வந்தது. ரோதை பக்கத்திலேயே நிற்கிறதே, இடம் எங்கே போய்விடப்போகிறது, பிறகு ஆற அமர ஏதாவது பார்க்கலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

அறுத்த கல்லைச் சாக்கில் சுற்றி மேலே கொண்டுபோனான். லயமே திரண்டு வந்து குலவை போட்டது.

"வந்துச்சா தம்பி? நல்ல மனசோட வந்துச்சா?"

"வந்துருச்சுக்கா."

கல்லைத் தானே நட வேண்டுமென்று பிடிவாதம் பிடித்து, அடிப்பக்கத்தை ஒருவர் கண்ணிலும் படாமல் மணலுக்குள் இறக்கினான். பெரியாயி தன் மூன்று விரலால் மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். தம்பியைப் பெருமையோடு பார்த்தாள். அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியவில்லை.

ஹோட்டல் திறந்தார்கள். வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். மேலே லயத்துப் பக்கம் மலையைச் சீவி நீச்சல் குளம் கட்டினார்கள். மாரிசாமி அதற்குள் வேறு வேலைக்கு எல்லவுக்குப் போய்விட்டான்.

மழைக்காலம் வந்ததும் லயத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலியில் தண்ணீர் சிவந்து வந்தது. பிறகு கதவுகள் பூட்ட மறுத்தன. பெரியாயி வீட்டுக் கதவு நிலையில் இறுகிக்கொண்டது. மாரிசாமி வந்து ஓரத்தைச் சீவிவிட்டுப் போனான். மறுபடி இறுகியது. மறுபடி சீவினான். அடுத்த வீட்டுக் காம்பராவிலும் அப்படித்தான், அதற்கடுத்ததிலும் அப்படித்தான். அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, மழை கூடினால் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆட்டுக்கொட்டில் பக்கத்தில் ஒரு கோடு போல் நிலம் பிளந்திருந்தது. பிள்ளைகள் அதைத் தாண்டித் தாண்டி விளையாடின. ராத்திரியில் கண்ணை மூடினால் மாரிசாமிக்கு அந்தக் குளிர் காற்றும் தண்ணீர்ச் சத்தமும் வந்துவிடும்.

"முனிக்கு ஏதோ கொற. பூச நல்லா வச்சா எல்லாம் அடங்கிரும்" என்றாள் பெரியாயி. தான் வளர்த்த கிடாயையே கொடுத்தாள். நல்ல கறுப்புக் கிடாய், நெற்றியில் மட்டும் வெள்ளை.

பூசையன்று காலையில் மலை முழுக்கப் பனிமூட்டம். சாராயம் வைத்தார்கள், சுருட்டு வைத்தார்கள். பூசாரி இராமையா கிடாயின் கழுத்தில் மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரைத் தலையில் தெளித்தார்.

கிடாய் சும்மா நின்றது.

"குளுருக்கு ஒறஞ்சு போயிருக்கு" என்று யாரோ சிரித்தார்கள். இராமையா முதுகில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார். கிடாய் காதைக்கூட ஆட்டவில்லை. வாலிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. பெண்கள் குலவையை நிறுத்திவிட்டார்கள். இராமையா கைகூப்பி, "என்ன கொறன்னு சொல்லு சாமி, தெரியாத பிள்ளைக நாங்க" என்று கெஞ்சினார். இன்னொரு செம்பு. கிடாய் கல்லைப் பார்க்கவே இல்லை. மலைச்சரிவில் கீழே, பனிக்குள் மங்கலாகத் தெரிந்த ஹோட்டல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

இராமையா செம்பைக் கீழே வைத்தார். "உத்தரவு இல்ல" என்றார். "சாமி இந்த எடத்துல இல்ல."

குழந்தைகளைத் தாய்மார் இழுத்து அணைத்துக்கொண்டார்கள். பெரியாயி எழுந்தாள். யாரையும் கேட்காமல் கல்லின் முன்னால் உட்கார்ந்து மணலைத் தோண்டினாள். மாரிசாமி "அக்கா" என்றான். அவள் நிறுத்தவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக் கல்லைப் புரட்டினாள்.

அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது. கோலிக்குண்டை வைத்தால் நிற்கும்.

பெரியாயி அந்த முகத்தைத் தடவிப் பார்த்தாள். விரல் இல்லாத தன் கையையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று மாரிசாமி எதிர்பார்த்தான். அப்படிச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மிச்சம் எங்க தம்பி?" என்று மெல்லக் கேட்டாள்.

அவன் கையைக் கீழே காட்டினான்.

"அப்ப போயி, எந்த எடம்னு பாத்து வச்சிட்டு வா. நாங்க அங்க வந்து கும்புட்டுக்குறோம். வெளிய தொரத்துனா தொரத்தட்டும்." கிடாயின் கயிற்றைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். "நீ வர்ற வரைக்கும் இது இப்படியே நிக்கும்."

மாரிசாமி சுத்தியல் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். தூறல் பிடித்திருந்தது. படலைக் காவற்காரன் டைல் பாஸ் என்று அடையாளம் கண்டு உள்ளே விட்டான். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

ரோதையைக் காணவில்லை. அதைக் கழற்றி, கறுப்புப் பெயின்ட் அடித்து, வெளியே புல்லில் படமெடுக்க நிறுத்தியிருந்தார்கள். அது நின்ற இடத்தை அவனிடம் தொழில் படித்த பொடியன் யாரோ ஒட்டுத் தெரியாமல் நிரப்பியிருந்தான். இரும்புத் தூண்களுக்கெல்லாம் ஒரே மாதிரிப் பலகைச் சட்டை. ஜன்னல் இருந்த பக்கம் சுவர், சுவர் இருந்த பக்கம் கண்ணாடி. சாம்பல் தரை. தொட்டியில் அகலமான இலை. மேசைக்குப் பின்னால் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண். எங்க இருக்கீங்க என்று விஜயலெட்சுமி இப்போது கேட்டாலும் அவனால் சொல்ல முடியாது.

மாரிசாமி மண்டியிட்டான். பையிலிருந்து ரப்பர் சுத்தியலை எடுத்து ஒரு டைலைத் தட்டினான். காதைத் தரையோடு வைத்துக் கேட்டான். அடுத்ததைத் தட்டினான். நிறைந்த சத்தம். அதற்கடுத்தது, அதே சத்தம். கல்லின் மேல் பதித்ததும் சாந்தின் மேல் பதித்ததும் ஒன்றுபோலவே பேசின. எங்காவது ஒன்றில் ஒரு சின்ன வெறுமையையாவது விட்டு வைத்திருந்தால் என்ன என்று அவனுக்கு அழுகை வந்தது. அவ்வளவு நல்ல வேலை. முழங்காலால் நகர்ந்து நகர்ந்து தட்டினான். சோபாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் காலைத் தூக்கி வழிவிட்டார்கள்.

மேசையிலிருந்த பெண் ஷிப்னா எழுந்து வந்தாள். பண்டாரவளைப் பிள்ளை, மரியாதை தெரிந்தவள்.

"என்ன பாஸ், மழையில நனஞ்சிக்கிட்டு? எந்த டைல் பழுது?"

மேலே, லயத்துப் பக்கம் எங்கிருந்தோ, வயிற்றுக்குள் உறுமுவது போல ஒரு சத்தம் வந்து அடங்கியது. இடி என்று நினைத்து எல்லாரும் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்கள். மாரிசாமி மட்டும் தரையைப் பார்த்தான். இந்த முனை முதல் அந்த முனை வரை ஒரு கீறலில்லை.

"ஒன்னும் பழுதில்ல தங்கச்சி" என்றான். "எல்லாம் ஒரே மாதிரி நல்லாத்தான் இருக்கு."

சொல்லிவிட்டு அடுத்த டைலைத் தட்டினான்.